தென்துருவத்தில் போட்ட துளை

என் நிலா மறுபடியும் செய்தியில் வந்துவிட்டது. சனிக் கோளைச் சுற்றுகிற என்செலாடஸ் என்ற சின்னப் பனி நிலாவைத்தான் சொல்கிறேன். அதன் உள்ளேயிருந்து பீறிட்டு வரும் பனித்துகள்களில் உயிர் வாழ வேண்டிய பொருள்கள் இன்னும் சில இருக்கின்றனவாம். செய்தி வந்த அரை மணி நேரத்தில் பழைய பட்டறைக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதை என் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது என் வேலையைப் பார்க்கும் ஹேமா கூப்பிட்டே பேசினாள்.

"அக்கா, உங்க மூன் திரும்ப நியூஸ்ல வந்துருச்சு. அந்தக் கதைய எழுதிக் குடுங்க லா. புதுசா வந்தவங்க யாருக்கும் தெரியல."

யார் எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்று சொல்வது என் குணம். என் கணவர் அதற்குச் சாட்சி. இதற்கு மட்டும் உடனே சரி என்றுவிட்டேன்.

என் நிலா என்கிறாளே, பெரிய வானியல் படிப்பு படித்தவளோ என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்புக்குச் சமமான ஓ லெவலோடு நின்றவள் நான். சிங்கப்பூரில் பூன் லேயில் வீடு. ஜூரோங்கில் ஒரு படகுப் பட்டறையில் மூன்று வருடம் ஃபைபர் கிளாஸ் வேலை. அச்சின்மேல் கண்ணாடி நார்த் துணியை விரித்து, பிசினைப் பூசி, காயவிட்டு, மறுபடி விரித்துப் பூச வேண்டும். கை முழுக்க அரிப்பு, தலை முழுக்கப் பிசின் வாடை. அப்போதுதான் ஓர் அறிவியல் காட்சிக்கூடத்தின் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கோள்கள், நிலாக்கள், எரிமலைகள் எல்லாவற்றுக்கும் மாதிரி செய்கிற இடம். நேர்முகத்தில், "படகும் ஓடுதான், நிலாவும் ஓடுதான் சார். உள்ளே ஒன்றும் இருக்கப் போவதில்லை" என்று சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். முப்பத்தைந்து வருடம் அங்கேயே ஓடிப் போனது.

என்னை எடுத்தவர் பட்டறைத் தலைவர் நவரத்தினம் சார். யாழ்ப்பாணக் குடும்பம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் சிங்கப்பூர்தான் என்றாலும் வீட்டுத் தமிழ் அவர் வாயைவிட்டுப் போகவேயில்லை. பிசினும் தூசியும் பறக்கும் பட்டறையில் தினமும் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக நிற்பார். கழுத்துப்பட்டியின் நுனியைச் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவது பொத்தானுக்கும் நடுவே செருகிக்கொள்வார். இத்தனை வருடத்தில் அதில் ஒரு சொட்டுப் பிசின் பட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். திட்டுவதற்குப் பதில் கேள்வி கேட்பார்.

அவர் வைத்திருந்த முறை எனக்கு இன்றும் பாடம். உருண்டைக்கு அடிவண்ணமாகச் சாம்பல் நிறம் பூசுவோம். பிறகு விண்கலங்கள் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் பிரிப்போம். தெளிவான படம் இருக்கும் இடத்துக்குச் சிவப்பு. அரைகுறையாகத் தெரியும் இடத்துக்கு நீலம். படமே இல்லாத இடத்தில் பென்சில் படவே கூடாது. அந்த இடம் கடைசிவரை வழவழவென்று வெறும் சாம்பலாகவே இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிலாவின் வெற்றிடம் பார்க்கச் சகிக்காமல் அங்கே ஒரு பள்ளத்தைச் செதுக்கி வைத்தேன். நன்றாகவே வந்திருந்தது. சார் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து நிழலை ஆராய்ந்தார்.

"இது எந்தப் படத்திலை இருக்கு?"

"படத்துல இல்ல சார். சும்மா இருக்கேன்னு…"

"நல்ல வடிவான பள்ளம். ஆனால் இது மல்லிகாவின்ரை பள்ளம். அந்த நிலாவின்ரை இல்லை. தேய்ச்சு விடுங்கோ."

தேய்த்துவிட்டேன். அன்று முழுக்க அவர்மேல் கோபம். மறுநாள் யோசித்தபோது மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதை பிறகு குறையவேயில்லை.

வெற்றிடத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. உருண்டையைத் தாங்கும் எஃகுக் கம்பி எங்கேயாவது நுழைந்துதானே ஆக வேண்டும்? தெரிந்த இடத்தைத் துளைத்துக் கெடுப்பானேன், ஒன்றும் தெரியாத இடத்தில் துளை போடலாம் என்பது சாரின் கணக்கு. சில நிலாக்களுக்குத் தென்பகுதி அந்தக் காலத்துப் படங்களில் சரியாக விழவில்லை. கம்பிக்கும் கீழ்ப்பக்கம்தான் வசதி. இப்படிப் போகப்போக எங்கள் பட்டறையில் கம்பி என்றால் தென்துருவம் என்று ஆகிவிட்டது. துளை போடுவதற்கு முன் வரைபடத்தில் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும் என்ற விதியும் உண்டு. போடுவோம். ஆனால் தென்துருவத் துளைக்கு யாரும் உற்றுப் பார்த்துக் கையெழுத்திட்டதாக ஞாபகமில்லை.

நான் தனியாகச் செய்த முதல் உருண்டையே என்செலாடஸ்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வழியாகப் போன விண்கலம் எடுத்த படங்கள் எங்களிடம் இருந்தன. வெள்ளை வெளேரென்ற பனி. சில இடத்தில் பள்ளங்கள், சில இடத்தில் வழவழப்பு. தென்பக்கம் பெரும்பாலும் வெற்றிடம். அங்கே நானே துளை போட்டுக் கம்பியை ஏற்றினேன். பக்கத்துப் பலகையில் "உறைந்துபோன அமைதியான உலகம்" என்று நான்கு மொழியிலும் எழுதியிருந்தது. பள்ளி விடுமுறைகளில் பிள்ளைகள் வரும்போது சாரே வந்து விளக்குவார். இது எப்போதோ செத்துப்போன நிலா என்பார். கிட்டத்தட்ட இருபது வருடம் இதையே சொன்னார்.

வீட்டில் எனக்கு வேறு தொல்லை. நான் சனியின் நிலாவைச் செய்கிறேன் என்று என் கணவர் விளையாட்டாக உளறிவிட, மாமியார் பதறிப் போனார். "ஊர்ல எத்தனையோ வேலை இருக்கு, இவ போய் சனிய நோண்டிக்கிட்டு இருக்கா" என்று புலம்பியபடி சனிக்கிழமை தவறாமல் தோ பாயோ கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றுவார். அதனால் எனக்குச் சனி பிடிக்கவில்லையா, அல்லது தாமதமாகப் பிடித்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் சார் கையில் ஒரு படத்தோடு வந்தார். பால் விடாத கோப்பி ஓ குவளையைத் தூரமாக நகர்த்திவிட்டு மேசையில் விரித்தார். கறுப்பு வானத்தில் ஒரு மெல்லிய பிறை. பிறையின் அடியிலிருந்து வெளிச்சமாகப் பல பீச்சல்கள்.

"என்ன சார் இது?"

"உங்கடை நிலா, மல்லிகா. அது சாகேல்லை."

சனியைச் சுற்றப் போயிருந்த புது விண்கலம் கண்டுபிடித்தது அது. தென்துருவத்தில் நீளமாக நான்கு வெடிப்புகள். சுற்றியுள்ள பனியைவிட அந்த இடம் சூடு. அவற்றிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குள் பாய்ந்துகொண்டிருக்கின்றன. சனி அந்த நிலாவைச் சும்மா விடுவதில்லை. சுற்றச் சுற்ற இழுப்பதும் விடுவதுமாகப் பிசைந்துகொண்டே இருக்கிறது, அந்தச் சூடுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சார் விளக்கினார். பீறிடும் பனித்துகள்கள் போய்ச் சேர்ந்து சனிக்கு ஒரு வளையமே உண்டாகியிருக்கிறது. இத்தனைக்கும் அந்த நிலாவின் குறுக்களவு ஐந்நூறு கிலோமீட்டர்தான். சிங்கப்பூரிலிருந்து காரில் பினாங்கு போகிற தூரம்கூட இல்லை. எனக்கு மெய்சிலிர்த்தது. இவ்வளவு சிறிய உடம்பில் இவ்வளவு வேலையா என்று இன்றும் அதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

நாம் இருபது வருடம் தப்பாகச் சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்தால் நமக்கெல்லாம் முகம் சுருங்கும். சார் முகத்திலோ அப்படியொரு மகிழ்ச்சி. திருப்புளியை எடுத்துக்கொண்டு நேரே கூடத்துக்குப் போய் "அமைதியான உலகம்" பலகையைத் தானே கழற்றிக்கொண்டு வந்தார்.

புது உருண்டை செய்வது என்று முடிவானது. ஒரு மீட்டர் குறுக்களவு. நான்கு வெடிப்புகளிலிருந்தும் நிஜமாகவே நீர்ப்புகை வர வேண்டும். காட்சிக்கூடத்தின் இயக்குநர் மிஸ் ஓங் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஜூன் விடுமுறை தொடங்கும் நாளில் உருண்டை கூடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் வாங்கிவிடுவார். அதோடு, இனிமேல் கோள் கூடத்துக்கு எல்லாமே வாங்குவதுதான், பட்டறை பழுதுபார்க்க மட்டும். சாருக்கும் ஓய்வுக்கு அதிக நாள் இல்லை, ஜூன் பாதியோடு சரி. "போறதுக்கு முதல் அந்த நிலாவைப் பற்றிச் சரியாச் சொல்லிப்போட்டுப் போகவேணும்" என்று அவர் சொன்னபோது இந்த வேலையை எப்படியாவது முடித்துத் தருவேன் என்று மனதுக்குள் சபதமே எடுத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் உழைத்தேன். தென்பாதி ஓட்டில் அந்த நான்கு வெடிப்புகளையும் படத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுச் செதுக்கினேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். பக்கவாட்டு வெளிச்சத்தில் சார் பார்த்துவிட்டு, "வேறை கதையில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் பதக்கம் வாங்கிய மாதிரி.

இனி நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தென்பாதி ஓட்டைக் கிண்ணம்போல் மல்லாக்க வைத்தேன். செதுக்கிய வெளிப்பக்கம் கீழே, பஞ்சு மெத்தைமேல். உள்ளே நடுவில் கம்பியைத் தாங்கும் எஃகுத் தகட்டை ஏற்கெனவே பதித்திருந்தேன். தகட்டின் நடுத்துளை வழியாக ஓட்டைத் துளைக்க வேண்டும். வரைபடத்தில் சாரின் கையெழுத்து இருந்தது. என் கையெழுத்தும் இருந்தது. துளைக்கருவியை அழுத்தினேன். இருபது வருடமாகச் செய்த வேலை, கை தானாகச் செய்தது.

வெட்டுப்பட்ட துண்டு கருவியின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு வடை அளவு வட்டம். அதைத் தட்டி எடுத்துத் திருப்பினேன். மறுபக்கத்தில், நட்ட நடுவே, நான் செதுக்கிய வெடிப்பு ஒன்று குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது.

நீர்ப்புகைக் குழாய்களைப் பொருத்த அஸ்மான் அப்போதுதான் உள்ளே வந்தான். மின்சாரம், தண்ணீர் எல்லாம் அவன் பொறுப்பு. துண்டைப் பார்த்தான், துளையைப் பார்த்தான், பிறகு மூலையில் சாய்த்து வைத்திருந்த கம்பியைப் பார்த்தான்.

"அலாமக்! மல்லிகா, இங்க கம்பி வந்தா என் பைப் எல்லாம் எங்க வரும்?"

நிலாவின் தென்துருவத்தில்தான் அதிசயமே என்று ஆறு வாரமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அதே தென்துருவத்தில் கம்பி வரைந்து, அதில் கையெழுத்தும் போட்டு, துளையும் போட்டுவிட்டோம். எங்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. பழகாதவன் செய்திருந்தால் எங்கே துளைப்பது என்று கேட்டிருப்பான்.

சார் வந்தார். ஓட்டைத் தூக்கச் சொல்லி, துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு வரைபடத்தை எடுத்து நிதானமாக விரித்தார்.

"ரெண்டு கையெழுத்தும் நல்ல வடிவா இருக்கு" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அஸ்மான் வெளியே போய் நின்றுகொண்டான்.

துளையை அடைத்துத் திரும்பச் செதுக்குவது இரண்டு நாள் வேலை. சிக்கல் அதுவல்ல. கம்பி இல்லாமல் உருண்டையை எப்படி நிறுத்துவது? மேலிருந்து தொங்கவிட வேண்டும். அதற்கு வடபாதியில் புதிதாகத் தகடு பதிக்க வேண்டும், கூரை உத்தரம் இந்த எடையைத் தாங்கும் என்று பொறியாளர் கடிதம் தர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் மூன்று வாரம். விடுமுறைக்கோ ஐந்து நாள்தான் இருந்தது.

மிஸ் ஓங்கின் அறைக்குப் போகும் வழியில் நான் சாரிடம் சொன்னேன். "சார், வெடிப்பப் பக்கவாட்டுக்கு மாத்திடலாம். அடியில கம்பி அப்படியே இருக்கட்டும். பிள்ளைங்களுக்கும் எதிர்லயே நல்லாத் தெரியும். யாரு சார் தென்துருவமான்னு கேக்கப் போறாங்க?"

சொன்னது நான்தான். மறைக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் எனக்கு நிலாவைவிடப் பட்டறை பெரிதாக இருந்தது.

சார் நின்றுவிட்டார். "மல்லிகா, தெரியாமல் இருபது வருசம் பிழையாச் சொன்னனான். அது பரவாயில்லை. இப்ப தெரிஞ்சுகொண்டு சொல்ல என்னாலை ஏலாது." கோபமில்லை. மிகவும் களைத்தவர்போலச் சொன்னார்.

மிஸ் ஓங் ஆங்கிலத்தில்தான் பேசினார், நான் தமிழில் தருகிறேன். சார் சுற்றி வளைக்கவில்லை. தப்பு நடந்தது, வரைபடத்தை ஏற்றுக்கொண்டவன் நான், பொறுப்பு என்னுடையது என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், கையை லேசாக அசைத்து நிறுத்திவிட்டார்.

மிஸ் ஓங் கெட்டவர் அல்ல. நாள் தவறக் கூடாது என்பது அவர் கவலை. "நான் முன்னமே சொன்னேன் லா, நவா. அவங்க கிட்ட ரெடியா இருக்கு. இன்னிக்குச் சொன்னா விமானத்துல அனுப்பிடுவாங்க" என்று அந்த நிறுவனத்தின் புத்தகத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு தாள் முழுக்க என்செலாடஸ். உண்மையைச் சொல்கிறேன், என் உருண்டையைவிட அழகு. பனியின் வெண்மை, நிழல், பள்ளங்கள் எல்லாமே என் கைக்கு வராத நேர்த்தி. பொறாமையோடு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன்.

கீழே பளபளவென்று ஒரு கம்பி. நான்கு வெடிப்புகளுக்கும் நட்ட நடுவில்.

"மேடம்," என்றேன். அந்த அறையில் நான் அதுவரை வாயே திறக்கவில்லை. "இவங்களும் அங்கதான் துளை போட்டிருக்காங்க."

மிஸ் ஓங் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். சார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று அவர் தோள்களைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. மிஸ் ஓங் புத்தகத்தை மூடினார்.

"எத்தனை வாரம் வேணும்?"

"மூன்று."

"உங்களுக்கு இங்க இரண்டு வாரம்தான் இருக்கு, நவா."

"தெரியும்" என்றார் சார்.

அவ்வளவுதான். கோள் கூடம் பட்டறையின் கையிலேயே இருந்தது, நான் ஓய்வுபெறும்வரை. ஆனால் சார் அந்த உருண்டை தொங்குவதை வேலையில் இருந்தபடி பார்க்கவில்லை. அவருடைய கடைசி நாளில் அது இரண்டு பாதியாக என் மேசையில் கிடந்தது. ஒரு பாதியைத் தடவிப் பார்த்துவிட்டு, கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் போட்ட துளையால் அவர் அதை இழந்தார் என்ற வருத்தம் அன்று தாங்க முடியாததாக இருந்தது.

உருண்டையைக் காட்சிக்குத் திறந்த நாளில் ஒரு பள்ளிக்கூட்டம் வந்திருந்தது. சார் இல்லாததால் விளக்க வேண்டியவள் நான். உருண்டை தலைக்கு மேலே தொங்கியது. பிள்ளைகள் கீழே நின்று அண்ணாந்து தென்துருவத்தைப் பார்த்தார்கள். அஸ்மான் விசையைத் தட்டினான். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு நான்கு வெடிப்புகளிலிருந்தும் வெள்ளையாக நீர்ப்புகை இறங்கி எல்லோர் முகத்திலும் படிந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்றும் என் காதில் இருக்கிறது. நான் செய்ததுதான், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கணத்தில் அந்த நிலாவை நானும் முதல்முறையாகப் பார்ப்பவள்போல அண்ணாந்து நின்றேன்.

தட்டுத் தடுமாறி விளக்கி முடித்தேன். யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. மூத்தோர் கட்டணத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்று, சார் வந்திருந்தார். மூக்குக்கண்ணாடி முழுக்க நீர்த்துளிகள். துடைக்காமலே நின்றார்.

"முந்தி இஞ்சை ஒரு பழைய உருண்டை இருந்தது. அதிலை இந்த வெடிப்பெல்லாம் இருக்கேல்லையே. அந்த இடத்திலை என்ன இருந்தது?"

பிள்ளைகள் திரும்பி அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மிஸ் ஓங்கும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"கம்பி இருந்துச்சு, சார்" என்றேன். "அங்க ஒண்ணுமே இல்லன்னு நெனச்சு நாங்கதான் சொருகி வச்சோம்."

முதலில் சிரித்தவர் அவர்தான்.